இடது சக்கரத்து நட்டு

மலாக்காவின் காஜா பெராங்கில் ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் "நூறு" சொல்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், தெருவே பார்க்க நட்டநடுச் சடக்கில் நின்றுகொண்டு ஓரகத்தியைப் பார்த்து "திருடி" என்று கமலவேணி கத்தினால் சேதி சும்மா இருக்குமா? போன வாரம் கத்தியது, இந்த வாரத்துக்குள் மீன் சந்தை வரைக்கும் போய், அங்கே கைகால் முளைத்து, அவள் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

கதையை முதலிலிருந்து பிடிப்போம். கமலவேணியின் வீட்டுக்காரர் சேதுராமன் பஸ் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர். மனைவி விற்பனைக்கு இடியாப்பம் பிழிந்து கை நோகிறாளே என்று ஓர் இயந்திரம் செய்தார். மாவைப் போட்டு, கைத்தடியை ஓர் அமுக்கு அமுக்கினால் போதும், நூல் நூலாக விழும். பட்டறையில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் அதைப் பார்த்து வாயைப் பிளந்து, தன் ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன் தபாலிலேயே லண்டனில் பதிய வைத்து, இங்கேயும் பதிய வைத்து, வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்று பேட்டன்ட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பேட்டன்ட் காகிதம் முன்கூடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை முருகனுக்கு ஒரு முழம் பூ, பேட்டன்டுக்கு ஒரு முழம். ஒரு வாரம் பூ குறைந்தபோது முருகனுக்குத்தான் அரை முழமானது என்று பக்கத்து வீட்டுப் பூங்காவனம் சொல்கிறாள். நாம் பார்க்கவில்லை.

இப்படியிருக்க, சேதுராமனின் தம்பி தேவதாஸ் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலைக்குப் போய்விட, அவர் மனைவி கோகிலா கடைகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் இடியாப்பக் கடை போட்டாள். அவளிடமும் ஓர் இயந்திரம்! அதிலும் கைத்தடி! கமலவேணி பத்து வருஷமாகச் சம்பாதித்த வாடிக்கையை அவள் பத்தே மாதத்தில் வாரிக்கொண்டாள். போதாததற்கு, மெர்டேக்கா அன்று காலை ஊர்வலத்தில் வருகிற அத்தனை பேருக்கும் பசியாற இடியாப்பம் போடும் பொறுப்பை, விழாக்குழுத் தலைவர் சின்னப்பா கோகிலாவிடம் கொடுத்துவிட்டார்.

நாடு சுதந்திரம் வாங்கும் நாளில் நாட்டுக்கே பசியாறப் போடுவது கோகிலாவா? கமலவேணிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வக்கீல் ஜெயபாலனைப் போய்ப் பார்த்தாள். "ரெண்டு மெஷினையும் கொண்டாங்க, அந்த அம்மாவையும் வரச் சொல்லுங்க. திருட்டுன்னு தெரிஞ்சா கடையை நிறுத்த வழி இருக்கு" என்றார் அவர்.

இன்று அந்த நாள்.

காலையிலேயே புளி போட்டுத் தேய்த்து, கமலவேணியின் பித்தளை இயந்திரம் கோயில் மணி மாதிரி மின்னியது. சேதுராமன் அதைப் பார்த்தார். சுவரில் சட்டம் இருந்த இடத்தில் வெறும் ஆணி மட்டும் நிற்பதையும் பார்த்தார்.

"கமலா, விட்டுடேன். சின்னவ பிழைச்சிட்டுப் போகட்டும்."

"உங்க மூளையைத் திருடியிருக்கா. உங்களுக்கு ரோசம் வரல, எனக்கு வருது."

"என் மூளைதானே. எனக்கே பெரிசாத் தெரியல."

"நீங்களும் வாங்க. உரிமைக்காரர் நீங்கதானே?"

"பட்டறையில வேலை கிடக்கு" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். எடுத்த வேகத்தில் சாப்பாட்டுத் தூக்கை மறந்தார்.

கமலவேணி அந்தத் தூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவருக்குக் கோகிலா மேல் இரக்கம். இரக்கம் எதற்கு வரும்? அவள் மல்லிகை வைக்கிறாளே, அதற்கு வரும். பல் தெரியச் சிரிக்கிறாளே, அதற்கு வரும். ஆனாலும் தன் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிர் கடலோரம் போவார், சாயங்காலம் வருவார். பாதி நாள் வெறுங்கையோடுதான். "மீன் கடிக்கல" என்பார். கெட்ட பழக்கம் ஒன்று உண்டா, சொல்லுங்கள்?

வாசலில் பூங்காவனம் நின்றாள். துடைப்பம் கையில், கண் சட்டத்தின் மேல்.

"எங்க கமலா, பாட்டன் பத்திரத்தைத் தூக்கிட்டுக் கிளம்பிட்ட?"

"பாட்டன் இல்லக்கா, பேட்டன்ட்."

"அதான் சொல்றேன். பாட்டன் சொத்துன்னா சின்னவளுக்கும் பங்கு இருக்கும்லா."

கமலவேணி பெச்சாவில், அந்த மூன்று சக்கர சைக்கிள் வண்டியில், ஏறினாள். மடியில் இயந்திரம், அதன்மேல் சட்டம், சட்டத்தில் நேற்றைய பூ. ஊர்வலத்துக்கு உற்சவர் புறப்பட்ட மாதிரி இருந்தது.

அஞ்சடித் திருப்பத்தில் இன்னொரு பெச்சா வந்து சேர்ந்துகொண்டது. கோகிலா. மடியில் பழைய சாரோங் துணியில் சுற்றிய மூட்டை. தலையில், ஆமாம், மல்லிகை.

"பசியாறிட்டீங்களா அக்கா?"

"வேகமாப் போ" என்று கமலவேணி பெச்சாக்காரரிடம் சொன்னாள்.

அவர் வேகமாக மிதித்தார். கோகிலாவின் பெச்சாக்காரருக்கும் மானம் இருந்தது, அவரும் மிதித்தார். ஜோங்கர் தெரு வரைக்கும் இரண்டு இடியாப்ப இயந்திரங்கள் பந்தயம் ஓடியதை மலாக்கா அன்றுதான் பார்த்தது.

வக்கீல் ஜெயபாலன் அறை மாடியில். அவர் எழுந்து நின்று, "உட்காருங்க" என்று முதலில் கோகிலாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் படியேறி முதலில் உள்ளே வந்தவள், அவ்வளவுதான். ஆனால் கமலவேணி அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அவள் தன் இயந்திரத்தை மேசைமேல் வைத்தாள். அறையே மஞ்சளாகிவிட்டது. கோகிலா மூட்டையைப் பிரித்தாள். அழுக்குப் படிந்த அலுமினியம்.

"பாருங்க ஐயா. அச்சு அசல்! பார்த்தாலே தெரியலையா?"

ஜெயபாலன் பார்த்தார். பிறகு கமலவேணியின் பித்தளை இயந்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, சன்னல் ஓரத்தில், காய்ந்த பூச்செடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"இது வேணாம்மா."

"என்னது?"

"உங்க மெஷினையும் அவங்க மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறது இல்ல வேலை. அவங்க மெஷினையும் இந்தக் காகிதத்தையும் வச்சுப் பார்க்கணும்." சட்டத்தைக் கழற்றி, சந்தனப் பொடியை ஊதி, கடைசிப் பக்கத்தை எடுத்தார். "நான் கண்டுபிடிச்சது இதுதான், இவ்வளவுதான், இதுக்கு வெளியே எனக்குச் சொந்தமில்லன்னு உங்க வீட்டுக்காரர் உரிமை கேட்டிருக்கிற இடம் இது. இது வீட்டு நிலத்துக்கு வேலி மாதிரி. வேலிக்குள்ள கால் வச்சிருக்காங்களான்னுதான் கோர்ட்டு கேட்கும். வீடு எவ்வளவு அழகுன்னு கேட்காது."

காலையில் புளி போட்டுத் தேய்த்த கை கமலவேணிக்கு விண்ணென்று வலித்தது.

"மூணு அங்கம் எழுதியிருக்கு. மூணும் அவங்க மெஷின்ல இருந்தா திருட்டு. ஒண்ணு இல்லன்னாலும் கேஸ் நொண்டும். பார்க்கலாமா? முதல் அங்கம், துளைத்தட்டு வச்ச பாத்திரம்."

"அக்காவோடது பித்தளை, எங்களுது அலுமினியம்" என்றாள் கோகிலா மெதுவாக.

ஜெயபாலன் காகிதத்தில் விரலை வைத்தார்.

"பித்தளைன்னு எழுதலையே. உலோகம்னுதான் இருக்கு. அலுமினியமும் உலோகம்தான்."

பார்த்தாயாடி! கமலவேணி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். ஒரு காய் விழுந்தது.

"மூணாவது அங்கத்தை முன்னாடி பார்த்துடுவோம். அமுக்கின கைத்தடி தானா மேலே எழும்ப ஒரு ஸ்பிரிங்." ஜெயபாலன் கோகிலாவின் கைத்தடியை அமுக்கிவிட்டார். அது துள்ளி எழுந்தது. குனிந்து பார்த்தார். "ஸ்பிரிங் இல்லையே. சைக்கிள் ட்யூப் ரப்பரை இழுத்துக் கட்டியிருக்கு."

"அதனால?" கமலவேணி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"அதனாலதான் இது வக்கீல் வேலை. ரப்பர், ஸ்பிரிங் செய்யுற அதே வேலையை அதே மாதிரி செய்யுதுன்னா, அது வேஷம் போட்ட ஸ்பிரிங்தான்னு நாம வாதாடலாம். ஒரு பொருளை மாத்தி வச்சுட்டுத் திருடன் தப்பிச்சுக்கக் கூடாது பாருங்க. ஆனா உங்க வீட்டுக்காரர் ஸ்பிரிங்தான் உயிர்னு நினைச்சு எழுதியிருந்தா, ரப்பர் வேலிக்கு வெளியே. பாதிக்குப் பாதி."

"ஐயா, அவ இடியாப்பம் என்னோடதை விட மெத்துனு இருக்குன்னு சொல்றாங்க. அதுவும் எங்க மெஷினைத் திருடினதாலதானே?"

"ருசிக்குப் பேட்டன்ட் இல்லம்மா."

கோகிலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடக்கியதே கமலவேணிக்குச் சிரித்ததைவிட மோசமாகப் பட்டது. என் புருஷன் மூளையை எதிரில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள் பார்! இந்த ஊர்ச் சீன வீட்டு நியோன்யா அம்மாக்கள் என் கடையைத் தாண்டித்தானே அவளிடம் போகிறார்கள். போகும்போது "நாளைக்கு வர்றோம்" என்று மலாயில் சொல்லிவிட்டு வேறு போகிறார்கள். அந்தக் காலை வேளைகளை இந்த அறையில் யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

"ரெண்டாவது அங்கத்துலதான் கேஸே நிக்குது" என்றார் ஜெயபாலன். "கைத்தடிக்கும் மாவை அமுக்குற உள்தடிக்கும் நடுவுல ஒரு மூட்டு இருக்கணும். அது இருந்தா நான் தைரியமா நோட்டீஸ் விடுவேன், அந்த அம்மா மெஷினைத் தொடக் கூடாது. மெர்டேக்காவுக்கு வேற ஏற்பாடுதான்."

மூட்டு ஒரு தகர மூடிக்குள் இருந்தது. மூடியைப் பிடித்திருந்தது ஒரு பெரிய நட்டு. ஜெயபாலன் கீழ்த்தளத்து சைக்கிள் கடையிலிருந்து ஸ்பானர் வாங்கி வரச்செய்து, கோட்டைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் திருப்பினார். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினார். முகம் சிவந்தது. சைக்கிள் கடைக்காரரே மேலே வந்து முக்கிப் பார்த்தார். இன்னும் இறுகியதுதான் மிச்சம்.

"துருப்பிடிச்சுடுச்சு. வெட்டித்தான் எடுக்கணும்" என்றார் கடைக்காரர்.

"தள்ளுங்க" என்றாள் கமலவேணி. ஸ்பானரை வாங்கினாள். வலப்பக்கம் ஒரு திருப்பு. நட்டு வெண்ணெயாகக் கழன்று அவள் உள்ளங்கையில் விழுந்தது.

மூடி விலகியது. உள்ளே மூட்டு. காகிதத்துப் படத்தில் இருந்தபடியே.

"அடேயப்பா!" ஜெயபாலன் மேசையைத் தட்டினார். "இருக்கும்மா, மூட்டு இருக்கு! ஆமா, இது தலைகீழாக் கழலும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மெஷின்ல அப்படித்தானே. வாராவாரம் கழட்டித்தானே கழுவுறேன்."

ஜெயபாலன் சன்னலுக்குப் போய்ப் பித்தளை இயந்திரத்தின் நட்டை வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். கழன்றது. அவர் கண்ணில் பொங்கல் வந்துவிட்டது. "இதைவிட என்ன சாட்சி வேணும்? உலகத்துல இருக்கிற நட்டெல்லாம் ஒரு பக்கம் திரும்பும். இந்த ரெண்டு மட்டும் மறுபக்கம். காப்பி அடிச்சவங்க கோணலையும் சேர்த்துக் காப்பி அடிச்சுட்டாங்க! சரி, எதுக்காக உங்க வீட்டுக்காரர் இப்படி ஒரு நட்டைத் தேடிப் பிடிச்சாரு?"

"தேடலைய்யா. பஸ்ஸுல இடது பக்கத்துச் சக்கரத்து நட்டு அப்படித்தான் இருக்குமாம். சக்கரம் சுத்தச் சுத்த லூசாகாம இருக்க. பட்டறையில கழிச்சுப் போட்டதை எடுத்துட்டு வந்து..."

கமலவேணி அங்கேயே நின்றுவிட்டாள்.

உள்ளங்கையில் இருந்த நட்டைப் பார்த்தாள். கடையில் வாங்கினால் இப்படிக் கிடைக்காது. வெளியே இருந்து பார்த்துக் காப்பி அடித்தவனுக்கு இது எந்தப் பக்கம் திரும்பும் என்றே தெரியாது. பஸ்ஸின் இடது சக்கரத்திலிருந்து கழித்த நட்டு, பஸ் பட்டறையில் வேலை செய்கிற கைக்குத்தான் கிடைக்கும். அந்தப் பட்டறையில் இடியாப்ப இயந்திரம் செய்யத் தெரிந்த கை எத்தனை?

ஜெயபாலன் கெட்டிக்காரர். அவர் மேசையைத் தட்டுவதை நிறுத்தி, மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரரிடம் ஸ்பானரைக் கொடுத்து அனுப்பினார்.

"அம்மா, இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு. முதல்லயே கேட்டிருக்கணும். மூணு அங்கமும் இருந்தாலும், உரிமைக்காரர் சம்மதத்தோட செஞ்சிருந்தா அது திருட்டே இல்ல. அவரே செஞ்சு கொடுத்திருந்தா பேச்சே இல்ல. அவர் கையால செஞ்சு, சம்மதத்தோட கைமாறின சாமானை, வாங்கினவங்க வச்சுப் பிழைக்கலாம். விக்கலாம். யாரும் கேட்க முடியாது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் சம்மதம் கொடுத்தாரா?"

கமலவேணி நட்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தாள்.

வேடிக்கையைப் பாருங்கள். இத்தனை நேரம் ஒவ்வோர் அங்கமும் பொருந்த வேண்டுமே என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்தாள். பொருந்தப் பொருந்த அது அவள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. "சின்னவ பிழைச்சிட்டுப் போகட்டும்." மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கு. கட்டினவளுக்கு ஸ்பிரிங், ஆறு மாதத்துக்கு ஒருமுறை துருப்பிடித்து மாவில் கறை விழும் ஸ்பிரிங். கோகிலாவுக்குத் துருப்பிடிக்காத ரப்பர்.

கோகிலா வாயைத் திறந்தாள். "ஐயா, நான் இதை..."

"கொடுத்தாரு!" என்றாள் கமலவேணி.

இருவரும் திரும்பினார்கள்.

"கொடுத்தாரு. நான்தான் செஞ்சு கொடுக்கச் சொன்னேன். தம்பி ஊர்ல இல்ல, பாவம் சின்னவ என்ன செய்வான்னு நான்தான் சொன்னேன். வேலைக் கவலையில மறந்துட்டேன். எழுதிக்குங்க."

புருஷன் தனக்குத் தெரியாமல் கொடுத்தார் என்று மலாக்கா பேசுவதைவிட, மறதிக்காரி என்று பேசட்டும். ஜெயபாலன் எதையும் எழுதவில்லை. காகிதத்தைச் சட்டத்துக்குள் வைத்து, வாடிய பூவையும் பழையபடி மாட்டி, மரியாதையாகக் கையில் கொடுத்தார்.

படி இறங்கும்போது கோகிலா பின்னாலேயே வந்தாள்.

"அக்கா. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"போதும்டி. ஜெயிச்சிட்டல்ல. போய் மெர்டேக்காவுக்கு மாவு பிசை."

"இல்லக்கா. பெரிய மாமாவா இதைச் செஞ்சாரு? எனக்குச் சத்தியமாத் தெரியாது."

கமலவேணி கடைசிப் படியில் நின்றாள். "உனக்குத் தெரியாதா? அப்ப உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

"விலைக்கு வாங்கினேன். பழைய சாமான்னுதான் கொடுத்தாங்க. அதைத்தான் மேலே சொல்ல வந்தேன், நீங்க விடல. போன வாரமும் எங்க வாங்கினேன்னு நீங்க கேட்கவே இல்லையே. திருடின்னுதானே சொன்னீங்க."

"யார்கிட்ட வாங்கின?"

"உஜோங் பாசிர்ல ஒரு அம்மாகிட்ட."

வெயில் சுளீரென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் கமலவேணியின் கண்ணில் ஆடியது. "எங்க?"

"உஜோங் பாசிர். கடலோரமாத்தான் வீடு. விஜயான்னு கூப்பிட்டாங்க. நல்லா சிரிச்சுப் பேசுவாங்க, சிவப்பா, அழகா..."

"அழகு இப்ப எதுக்குடி? அவ எதுக்கு இதை விக்கணும்?"

கோகிலா மல்லிகையைச் சரிசெய்துகொண்டாள். வேண்டுமென்று சொன்னாளா, வெகுளியாகச் சொன்னாளா என்று இன்றுவரைக்கும் நமக்குத் தெரியவில்லை.

"அவங்களுக்குப் புதுசு வந்துடுச்சாம். அடுப்பங்கரையில பார்த்தேன். அதுல ஸ்பிரிங்கும் இல்ல, ரப்பரும் இல்லக்கா. காலால மிதிக்கிற மாதிரி இருந்துச்சு. கையே நோகாதாம்."

கை நோகிறதே என்றுதான் முதன்முதலில் கமலவேணிக்குச் செய்தார். புளி தேய்த்த அந்தக் கை இப்போதும் வலித்துக்கொண்டிருந்தது.

கோகிலாவின் பெச்சா கிளம்பிப் போய்விட்டது. கமலவேணி தன் பெச்சாவில் ஏறிப் பித்தளையை மடியில் வைத்துக்கொண்டாள், சட்டத்தைக் காலடியில் போட்டாள். பூ நசுங்கியது. அவள் எடுக்கவில்லை. இடது சக்கரத்து நட்டு ஒன்று இன்னும் அவள் கைக்குள்ளேயே இருந்தது. கோகிலாவினுடையதா, தன்னுடையதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் அச்சு அசல்.

"பாலேக் காஜா பெராங்கா, புவான்?" என்று பெச்சாக்காரர் கேட்டார். வீட்டுக்குத்தானே அம்மா என்கிறார்.

"இல்ல" என்றாள் கமலவேணி. பிறகு அவருக்குப் புரியும்படி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"உஜோங் பாசிர்."